ஹம் இல்லாத பிக்கப்பைத் தேடி

கிட்டாரில் மெதுவான ஒரு பகுதியைப் பதிவுசெய்துகொண்டிருந்தேன். கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் கம்ப்ரஸர் தன் வழக்கப்படி ஒலியைத் தூக்கிக் கொடுத்தது. சுரம் போய்விட்டது, அது இருந்த இடத்தில் ஒரு முனகல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே பகுதியைப் பதினொரு முறை வாசித்தேன். பதினொரு முறையும் அதே முனகல். ஒலி தணிந்ததும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டுப் பார்த்தேன். அது முனகலோடு சேர்த்துச் சுரத்தின் வாலையும் வெட்டிவிட்டது. எனக்கு வேண்டியிருந்ததே அந்த வால்தான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையே மாற்றுவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

கிட்டார் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை. மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ஐந்து நிலை சுவிட்ச், ஒரு வால்யூம், இரண்டு டோன். பிக் தந்தியில் பட்டதும் கண்ணாடிபோலத் தெறிக்கிறதே, அந்த ஒலிக்காகத்தான் இத்தனை வருடமாக இதையே வாசிக்கிறேன். ஹம் என்கிற அந்த முனகல் போக வேண்டும், தெறிப்பு போகக்கூடாது. ஆனால் இரண்டும் பிறப்பது ஒரே காயிலில்.

சிங்கிள் காயிலின் உள்ளே இருப்பது மிக எளிய பொருள். ஆறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றி 0.063 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது புலம் அசைகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. அத்தனை சுற்றுள்ள காயிலுக்குத் தந்தி எது, சுவருக்குள் ஓடும் மின்கம்பி எது, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த மூலையிலிருந்து மாறும் காந்தப்புலம் வந்தாலும் அதையும் ஒலியாக்கிக் கொடுத்துவிடும். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. அதன் மடங்குகளும் கூடவே வரும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மாலை முழுவதும் இரைச்சலை மட்டுமே கேட்டேன். இந்த வேலையில் மிகவும் பயன்பட்டது அந்த மாலைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். இரைச்சல் ஏறக்குறைய அடங்கிவிட்டது. அப்போதும் அப்படியே இருந்திருந்தால் குற்றம் ஆம்பிலோ கேபிளிலோ இருந்திருக்கும். எந்தப் பிக்கப்பை வாங்கினாலும் பயன் இருந்திருக்காது. அடுத்து வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டு, சுழலும் நாற்காலியில் கிட்டாரோடு உட்கார்ந்து மெல்லத் திரும்பினேன். ஒரு திசையில் முனகல் வீடதிரக் கேட்டது. கால்வட்டம் திரும்பியதும் காணாமல் போனது. இன்னும் கால்வட்டம் திரும்பினால் மறுபடி வந்தது. திசைக்குத் திசை மாறுகிறது என்றால் அது காந்தப்புலத்தின் வழியாகக் காயிலுக்குள் நுழைவது. இதுதான் உண்மையான ஹம்.

ஆனால் எந்தத் திசையில் திரும்பினாலும் மாறாத வேறொரு சத்தமும் இருந்தது. முனகல் அல்ல, ஈ மொய்ப்பதுபோல ஒரு "ஸ்ஸ்ர்ர்". தந்திகளைக் கையால் தொட்டால் குறைந்தது, விட்டால் கூடியது. அறை விளக்கின் டிம்மரை அணைத்ததும் பாதியாகிவிட்டது. இது மின்புலத்தின் வழியாக வருவது. என் உடம்பே ஓர் ஆன்டெனாவாகி அதைக் கிட்டாரின் உள்கம்பிகளுக்குக் கடத்துகிறது. தந்தியைத் தொட்டால் உடம்பு கிட்டாரின் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் சத்தம் தணிகிறது. தொடும்போது கூடினால்தான் கவலைப்பட வேண்டும். எங்கோ கம்பி மாறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஈ மொய்க்கும் சத்தத்துக்கு வேண்டியது உறை. பிக்கப்கள் பொருந்தியிருக்கும் முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றி, கிட்டார் உடலின் குழிகள் முழுவதும் செப்பு டேப் ஒட்டினேன். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் ஏறி நிற்கும்படி ஒட்டி, மூலைகளில் சால்டர் பொட்டு வைத்தேன். பசைக்குள் மின்சாரம் ஓடும் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனாலும் மல்டிமீட்டரில் சோதிக்காமல் நம்புவதற்கில்லை. பிக்கார்டின் பின்புறத்திலும் டேப் ஒட்டி, இரண்டையும் எர்த்தோடு இணைத்தேன். ஒரு முழு நாள் வேலை. முடித்துவிட்டு, முன்பும் பின்பும் அரை நிமிடம் பதிவுசெய்த வெற்று இரைச்சலைக் கணினியில் அலைமாலையாக (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படமாக) போட்டுப் பார்த்தேன். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே காடுபோல வளர்ந்திருந்த கோடுகள் நன்றாக மட்டமாகியிருந்தன. 50, 100, 150-இல் நின்ற தூண்கள் அசையவே இல்லை.

அசையாது என்பதும் தெரிந்ததுதான். இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் மெல்லிய செப்புத் தகடு காந்தப்புலத்தைத் தடுக்காது. "உறை போட்டேன், ஹம் போகவில்லை" என்று வருந்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்: உறை தன் வேலையைச் செய்துவிட்டது, மிச்சம் காயிலின் வேலை.

இனி காயில். ஹம்மைக் கொல்லும் தந்திரம் ஒன்றே ஒன்றுதான், வடிவம்தான் பல. இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்தால், இரண்டுக்கும் ஒரே அளவில் வரும் ஹம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கழியாமல் தப்ப வேண்டும். கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் ஒரு காயிலின் காந்த முனையும் எதிராக இருந்தது. அதனால் ஹம் கழிந்தது, தந்தியொலி கூடியது. காப்புரிமை 1959-இல் கிடைத்தது. ஆனால் அந்த ஹம்பக்கரின் அகலம் என் கிட்டாரின் பிக்கார்டுக்குள் அடங்காது; அதன் தடித்த குரலும் நான் தேடியது அல்ல.

சிங்கிள் காயிலின் அளவுக்குள் அடங்குபவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு மெல்லிய காயில்களைப் பக்கம் பக்கமாக வைத்த ரெயில் வகை உரத்த ஒலி தரும். சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஹாட் ரெயில்ஸ் அப்படிப்பட்டது. கடுமையான டிஸ்டார்ஷன் வாசிப்பவர்களுக்கு நல்ல தேர்வு, எனக்கல்ல. காயிலை நடுவில் பிளந்து மூன்று தந்திக்கு ஒன்று, மற்ற மூன்றுக்கு ஒன்று என்று வைப்பது இன்னொரு வழி. ஃபெண்டரின் பிரஸிஷன் பேஸ் 1957 முதல் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, ஏனென்றால் ஒவ்வொரு தந்தியையும் ஒரே ஒரு காயில்தான் கேட்கிறது. ஆனால் ஆறு தந்திக் கிட்டாரில் நடுத்தந்தியை இழுத்து வளைக்கும்போது அது பிளவின்மேல் போய் நிற்கும். வடிவமைப்பு கவனமாக இல்லாவிட்டால் அங்கே ஒலி மங்கும். நான் வளைப்பதோ பெரும்பாலும் மூன்றாம் தந்தியைத்தான்.

பழைய பிக்கப்களை அப்படியே விட்டுவிட்டு, காந்தமில்லாத ஒரு போலிக் காயிலை மட்டும் சுற்றில் சேர்ப்பதும் உண்டு. சிறிய காயிலாக இருந்தால் அதுவே ஒலியை மந்தமாக்கும். கிட்டாரின் பின்தகடு அளவுக்குப் பெரிதாக, குறைந்த சுற்றுகளோடு இருந்தால் பாதிப்பு மிகவும் குறைவு. பரப்பு பெரிதானால் குறைந்த சுற்றிலேயே அதே அளவு ஹம் சிக்கும். இது மிக அழகான தீர்வு. ஆனால் அது ஹம்மை எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை அந்தந்தப் பிக்கப்புக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும்.

பிறகு, பேட்டரி வேண்டும் பிக்கப்கள். இஎம்ஜி போன்றவை குறைந்த சுற்றுள்ள காயிலோடு உள்ளேயே ஒரு முன்பெருக்கியை வைத்திருக்கின்றன. ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸில் கம்பிச் சுற்றுக்குப் பதிலாக அச்சிட்ட சுற்றுத் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். அமைதி என்று பார்த்தால் இவை மிக நல்லவை, நீளமான கேபிளைப் போட்டாலும் ஒலி அவ்வளவாக மங்காது. நான் இவற்றை விட்டதற்கு ஒரே காரணம் ஒலியைக் கரகரப்பாக்கும் என் பழைய பாணி ஃபஸ் பெடல். கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்தால் அது உறுமலிலிருந்து மணியொலிக்கு வரும். அந்தக் குணம் பிக்கப்பின் காயிலும் பெடலின் உள்வாயும் நேராகத் தொட்டுக்கொள்வதால் கிடைப்பது. நடுவே முன்பெருக்கி வந்துவிட்டால் அந்த உறவு அறுந்துவிடும். ஃபஸ் வாசிக்காதவர் இந்தக் காரணத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

கடைசியில் மிஞ்சியது அடுக்கு வகை: ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு காயில். மேல்காயில் தந்தியைக் கேட்கிறது. கீழ்க்காயில் தந்திக்குத் தூரத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஹம்மை மட்டுமே கேட்டுக் கழிக்கிறது. "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கீழ்க்காயில் தந்தியையும் கொஞ்சம் கேட்கும். அதையும் சேர்த்துக் கழிக்கும். அங்கேதான் தெறிப்பில் ஒரு பங்கு போகிறது. இதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே இரும்புத் தகடு வைப்பது, கீழ்க்காயிலின் சுற்றுகளைக் குறைப்பது என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொன்று செய்கிறார்கள். அடுக்கு வகைகள் ஒன்றுபோல ஒன்று ஒலிக்காததற்குக் காரணம் இதுதான்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தில் "வெதுவெதுப்பான", "பழங்காலத்து" என்றெல்லாம் இருக்கும். அருகில் ஓர் எண் இருக்கும்: மின்தடை, கிலோ ஓமில். பலரும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். சாதாரண சிங்கிள் காயிலில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. அடுக்கு வகையில் அது கண்கட்டுவித்தைதான். கீழ்க்காயிலின் கம்பியும் கணக்கில் சேர்வதால் மின்தடை 10, 11 கிலோ ஓம் என்று ஏறிவிடும். உரத்த பிக்கப் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் இரண்டு காயிலும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றின் மின்தூண்டலை (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் தன்மை) மற்றது ஓரளவு கழித்துவிடுகிறது. மின்தடை மட்டும் கூடுகிறது.

நான் பார்த்தது மின்தூண்டல் எண்ணை, ஹென்றி அலகில். நண்பர் ஒருவரிடம் அதை அளக்கும் எல்சிஆர் மீட்டர் இரவல் வாங்கி என் பழைய பிக்கப்களை அளந்தேன். தந்திகள் உடலில் பொருந்தும் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் 6.1 கிலோ ஓம், 2.5 ஹென்றி. இனிக் கணக்கு. காயிலும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு முகட்டை உண்டாக்குகின்றன. நம் காதுக்குத் தெறிப்பாகக் கேட்பது அந்த முகடுதான். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மீட்டர் கேபிளுக்கு 500; காயிலுக்கும் உள்கம்பிக்கும் 100; மொத்தம் 600. 2.5 ஹென்றிக்கு முகடு சுமார் 4,100 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 4.5 ஹென்றி உள்ள பிக்கப்பைப் போட்டால் அதே கேபிளில் சுமார் 3,060-க்கு இறங்கிவிடும். முதலாவது கண்ணாடி, இரண்டாவது கம்பளி. ஆகவே என் நிபந்தனை எளிதாகிவிட்டது: ஹம் இல்லாத அடுக்கு வகை, மின்தூண்டல் எண் 3 ஹென்றியைத் தாண்டக்கூடாது. அந்த எண்ணை வெளியிடாத பிக்கப்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். பட்டியல் வெகுவாகச் சுருங்கியது.

பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் முதலில் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இதுதான் நான் செய்த தவறு. கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பிரிட்ஜ் தனியாக அருமையாக இருந்தது. சுவிட்சை ஒரு நிலை தள்ளி, பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் இடத்துக்குப் போனேன். முன்பு என் கிட்டாரிலேயே அமைதியான இடம் அது. இப்போது அங்கே ஹம்! அதோடு ஒலியும் மூக்கடைத்ததுபோல மெலிந்து, அடிச்சுரமே இல்லாமல் கேட்டது. இரண்டு குறைகள், இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

ஹம்முக்குக் காரணம் பழைய நடு பிக்கப். அதன் காயிலும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிராகச் செய்யப்பட்டிருந்தன. பழைய பிரிட்ஜோடு அது சேரும்போது ஒன்றின் ஹம்மை மற்றது கழித்தது. இரண்டும் சேர்ந்து ஒரு ஹம்பக்கராக நடந்துகொண்டன. நான் பிரிட்ஜை ஹம் இல்லாததாக்கிவிட்டேன். நடு பிக்கப்பின் ஹம்மைக் கழிக்க இப்போது எதிராளி இல்லை. பாதியளவாவது வெளியே வந்துவிடுகிறது. ஹம் இல்லாத பிக்கப் ஒன்றை மட்டும் போட்டால், ஹம் இல்லாமலிருந்த ஒரு நிலை கெட்டுப்போகும். ஒரே ஒரு பிக்கப்பை மாற்ற நினைப்பவர் சேர்ப்பு நிலைகளை வாசிப்பவரா இல்லையா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெலிந்த ஒலிக்குக் காரணம் அலைகளின் கட்டம் (ஃபேஸ்). இரண்டு பிக்கப்களின் அலைகள் எதிரெதிராகப் போய் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து, பிக்கப்பின் இரண்டு முனைகளில் இணைத்தேன். ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையைக் காந்தத் தண்டின்மேல் ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுத்தேன். எண் ஒரு கணம் 11.4-இலிருந்து மேலே துள்ளி மறுபடி இறங்கி நின்றது. அதே சிவப்பு, கறுப்பு முனைகளோடு நடு பிக்கப்பில் செய்தேன். எண் கீழே துள்ளியது. சந்தேகம் தீர மூன்று மூன்று முறை செய்தேன். மேலே, மேலே, மேலே. கீழே, கீழே, கீழே. புதிய பிக்கப்பின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் உறைக்கம்பி தனியாக இருந்தால்தான் இதைச் செய்யலாம். உறையும் ஒரு முனையும் ஒன்றாக இருக்கும் பிக்கப்பில் மாற்றினால் உறையே ஒலிக்கம்பியாகிவிடும், தொட்டால் இரையும். என்னுடையதில் உறை தனியாக இருந்தது.

கம்பி நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு கம்பிப் பிக்கப்களில் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. சீமோர் டங்கனில் கறுப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேர வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். ஒன்றின் தாளை வைத்துக்கொண்டு மற்றதை இணைத்தால் காலம் போய்விடும்.

ஹம் பிரச்சினைக்கு வழி ஒன்றுதான். அதே தயாரிப்பில் நடுவுக்கும் கழுத்துக்கும் வாங்கினேன். பொருத்துவதற்கு முன் குழியின் ஆழத்தை அளந்தேன், ஏனென்றால் அடுக்கு வகை சற்று உயரம் கூடியது. கீழே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சியது, போதும்.

பற்றவைப்பில் கடினமான இடம் ஒன்றே: வால்யூம் குமிழின் முதுகு. அந்தத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். சிறிய முனையை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் சால்டர் உருகுவதற்கு முன் உள்ளே இருக்கும் கரித்தடம் கெட்டுவிடும். அகன்ற உளி முனையைப் போட்டு 380 டிகிரியில் வைத்து, முதுகை லேசாகச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, நான்கே விநாடியில் முடித்தேன். சால்டர் குமிழாக நிற்காமல் தண்ணீர்போலப் பரவிப் பளபளத்தால் பிடித்துவிட்டது என்று பொருள். குமிழ்களை மாற்றவில்லை, 250 கிலோ ஓமே இருக்கட்டும் என்று விட்டேன். 500 போட்டிருந்தால் முகடு இன்னும் கூர்மையாகியிருக்கும். என் ஆம்புக்கு அது காதைக் குத்தும்.

எல்லாம் மூடித் தந்தி கட்டி வாசித்தபோது முதல் அரை மணி நேரம் எனக்கு ஏமாற்றம்தான். ஹம் இல்லை. ஆனால் ஆறாம் தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்குக் கம்பி) மேலே சுரம் தள்ளாடியது. ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதி கேட்பதுபோல இருந்தது. புதிய தண்டுகளின் காந்தம் தந்தியையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பழைய உயரத்திலேயே திருகியிருந்தேன். ஃபெண்டர் தன் சாதாரணச் சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 என்று சொல்கிறது. தன் நாய்ஸ்லெஸ் வகைக்கு 3.2, 2.4. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடியிலிருந்து தண்டின் தலைவரை அளக்க வேண்டும். அந்த அளவிலிருந்து தொடங்கினேன். தள்ளாட்டம் போயிற்று. அதோடு நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: பிக்கப் கீழே இறங்க இறங்கத் தெறிப்பு திரும்பி வந்தது. கால் சுற்று திருகுவது, வாசிப்பது, மறுபடி கால் சுற்று. கழுத்துப் பிக்கப்பை 3.4 வரை இறக்கினேன். பிரிட்ஜை 2.6, 2.2 என்று நிறுத்தினேன்.

பழைய பதிவையும் புதியதையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மெல்லிய காற்று குறைந்திருக்கிறது. ஹெட்ஃபோனில், கழுத்துப் பிக்கப்பில், சுத்தமான ஒலியில் தெரிகிறது. ஆம்பின் முன்னால் நின்று வாசிக்கும்போது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து மீட்டர் கேபிளுக்குப் பதிலாக மூன்று மீட்டரைப் போட்டதும் ஹெட்ஃபோனிலும் பெரும்பாலும் ஈடாகிவிட்டது. அலைமாலையில் 50, 100, 150-இன் தூண்கள் இருந்த இடத்தில் புல் முளைத்ததுபோல ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். எந்தத் திசையிலும் முனகல் இல்லை.

பழைய மூன்று பிக்கப்களையும் தாளில் சுற்றி, எது எந்த இடத்துக்கு என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். புதியவற்றின் உயரம், மின்தடை, கட்டம் எல்லாவற்றையும் பிக்கார்டின் பின்புறத்தில் செப்பு டேப்பின்மேல் மார்க்கரால் குறித்தேன்.

பிறகு அந்த மெதுவான பகுதியை வாசித்தேன். இரண்டாவது முறையிலேயே சரியாக வந்தது. கடைசிச் சுரம் தேய்ந்தது, கம்ப்ரஸர் தூக்கிக் கொடுத்தது. கேட்டது இடது கை தந்தியைவிட்டு எழும் சிறு உரசல் மட்டும்.